வீட்டுக் கணினிக்கு நிர்வாகி யார்?

பென் டிரைவ் பரவலான 2007, 2008 காலத்தில் இந்தக் கூத்து நடக்காத வீடு குறைவு. மும்பை அணுசக்தி நகர்க் குடியிருப்பிலிருந்து பிள்ளை மான்கூர்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பள்ளி ப்ராஜெக்டை பிரிண்ட் எடுத்து வரும். அதே பென் டிரைவை வீட்டில் செருகியதும் கணினி திணற ஆரம்பிக்கும். உள்ளே என்னதான் ஓடுகிறது என்று பார்க்க கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ‘டாஸ்க் மேனேஜரை உங்கள் நிர்வாகி முடக்கியிருக்கிறார்’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அப்பா பிஎஃப் கடன் போட்டு வாங்கிய கணினி. அதற்கு நிர்வாகி என்று யார் இருக்கிறார்கள்?

சரி, வைரஸ்தான் என்று புரிந்து, ஆன்டிவைரஸ் போட்டு அதை ஒழித்தாயிற்று. எல்லாம் சுத்தம் என்று பச்சை அடையாளமும் வந்துவிட்டது. ஆனால் டாஸ்க் மேனேஜர் மட்டும் திறக்கவில்லை. அதே பெட்டி, அதே நிர்வாகி. வைரஸ் செத்த பிறகும் அது போட்ட உத்தரவு எப்படி அமலில் இருக்கிறது?

கணினியின் இயங்குதளம் தன் அமைவுகளை, அதாவது நாம் செட்டிங்ஸ் என்று சொல்பவற்றை, எங்கே எப்படி எழுதி வைக்கிறது என்பது தெரிந்தால் இது விளங்கிவிடும்.

திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஓட்டும் நிரல் உலகம் முழுக்க ஒன்றேதான். ஆனால் ஒருவருக்கு 12 மணி நேரக் கணக்கு வேண்டும், இன்னொருவருக்கு ரயில்வே போல 24 வேண்டும். மும்பைக்காரருக்கு இந்திய நேரம், துபாயில் இருக்கும் அவர் தம்பிக்கு அந்த ஊர் நேரம். ஆளுக்கு ஆள் மாறுகிற இந்த விருப்பங்களை நிரலுக்குள்ளேயே எழுத முடியாது. எழுதினால் கோடிக்கணக்கான நிரல்கள் தனித்தனியாக வேண்டியிருக்கும். ஆகவே விருப்பங்கள் நிரலுக்கு வெளியே, மின்சாரம் போனாலும் அழியாத ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும். நிரல் எழுந்ததும் அங்கே போய்ப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கும். படிக்கிற நிரலும் எழுதிய நிரலும் ஒன்றாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை. வைரஸின் வேலை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அந்த வெளியிடத்தை அமைப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. மாதுங்கா மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் பாக்கி வைத்தவர்களின் கணக்கைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார். பக்கத்துக் கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடியான ஒரே பேரேடு. சீட்டு முறையில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், ஒன்று தொலைந்தால் மற்றவற்றுக்குப் பாதகமில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் எழுதும் முறை வேறு. பேரேட்டில் எல்லாம் வரிசையாக இருக்கும், தேடுவது எளிது. பேரேடு மழையில் நனைந்தால் அன்றோடு கடை முடிந்தது.

சீட்டு முறை யூனிக்ஸ் மரபுடையது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய அந்த இயங்குதளம், அமைவுகளைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே வைத்தது. இன்றைய லினக்ஸிலும் ‘இடிசி’ என்ற கோப்புறையைத் திறந்தால் கணினியின் பெயருக்கு ஒரு கோப்பு, பயனர் பட்டியலுக்கு ஒன்று என்று வரிசையாகக் கிடக்கும். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். தனிப்பட்ட பயனரின் விருப்பங்கள் அவரவர் கோப்புறையில், பெயரின் முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்புகளில் இருக்கும். அந்தப் புள்ளி வந்த கதையைப் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் சொல்லியிருக்கிறார். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை, ‘இந்தக் கோப்புறை’, ‘மேல் கோப்புறை’ என்பதைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் இரட்டைப் புள்ளியையும் காட்ட வேண்டாம் என்று யாரோ நினைத்தார்கள். முழுப் பெயரையும் ஒப்பிடச் சோம்பல்பட்டு, முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடு என்று எழுதிவிட்டார்கள். விளைவாக, புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணில் படாமல் போயிற்று. மறைவிடம் கிடைத்ததும் ஆளுக்காள் அங்கே அமைவுகளைக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஐம்பது வருடப் பழக்கம் ஒரு சோம்பலில் பிறந்தது!

மைக்ரோசாஃப்ட் விண்டோஸும் முதலில் சீட்டுக் கடைதான். ‘வின்.ஐஎன்ஐ’, ‘சிஸ்டம்.ஐஎன்ஐ’ என்ற உரைக் கோப்புகளில் அமைவுகள் இருந்தன. நிறுவப்படும் மென்பொருள் ஒவ்வொன்றும் வின்.ஐஎன்ஐயில் தன் பங்குக்கு நாலு வரி சேர்த்துவிட்டுப் போகும். அந்தக் கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதியை விண்டோஸ் கண்டுகொள்ளாது. ஒரே கணினியை நாலு பேர் பயன்படுத்தினால் யாருடைய விருப்பம் எது என்று பிரித்து எழுதவும் வசதியில்லை. யார் எதைத் திருத்தலாம் என்ற கட்டுப்பாடும் கிடையாது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல், எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பது போன்ற சிலவற்றுக்காக ஒரு சிறிய பதிவுத் தளம் சேர்ந்தது. மறு ஆண்டு விண்டோஸ் என்டியில் அது முழுப் பேரேடாக வளர்ந்தது. 1995-இல் வீட்டுக் கணினிகளுக்கும் வந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரி என்பது இதுதான். தமிழில் பதிவகம் எனலாம்.

பதிவகத்தைப் பார்ப்பதற்கென்றே விண்டோஸோடு ‘ரெஜெடிட்’ என்ற நிரல் வருகிறது. திறந்தால் இடப்பக்கம் கோப்புறைக்குள் கோப்புறையாகக் கிளை விரியும். இந்தக் கிளைகளுக்குக் ‘கீ’ என்று பெயர். ஒரு கீயைத் தொட்டால் வலப்பக்கம் அதற்குரிய பதிவுகள் தெரியும்: ஒரு பெயர், அது எண்ணா எழுத்தா என்ற வகை, அதன் மதிப்பு. பேரேட்டில் இரண்டு பெரிய பிரிவுகள் முக்கியம். ஒன்று கணினிக்கே பொதுவானது. மற்றது இப்போது உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கு உரியது. என் மேசைப் படமும் என் மனைவியின் மேசைப் படமும் ஒன்றையொன்று அழிக்காமல் இருப்பது இரண்டாவது பிரிவின் உபயம்.

திரையில் ஒரே மரமாகத் தெரிந்தாலும் வட்டில் அது பல கோப்புகள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக். அங்கே சிஸ்டம், சாஃப்ட்வேர், செக்யூரிட்டி, சாம் என்ற பெயர்களில் இருக்கும். கடவுச்சொற்களின் உருமாறிய வடிவங்கள் சாமில். பயனருக்கு உரியது அவரவர் கோப்புறையில் ‘என்டியூசர்.டாட்’ என்ற பெயரில். இவற்றில் எதையும் நோட்பேடில் திறந்து படிக்க முடியாது, எல்லாம் இரும வடிவம். ஹார்ட்வேர் என்ற கிளை மட்டும் விசித்திரமானது. அது வட்டில் எங்குமே இல்லை. கணினி எழும்போதெல்லாம் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று பார்த்து நினைவகத்தில் புதிதாக எழுதிக்கொள்கிறது, அணைத்தால் போய்விடும்.

பேரேடு நனையாமல் இருக்க என்ன ஏற்பாடு? 2012-இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களிடம் கேளுங்கள், நினைத்த நேரத்தில் மின்சாரம் போன காலம். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பதிவகம் குலைந்து கணினியே எழாது. இதற்காக ஒவ்வொரு பதிவகக் கோப்புக்கும் பக்கத்தில் ‘லாக்’ என்ற துணைக் கோப்பு உண்டு. மாற்றம் முதலில் அதில் எழுதப்பட்டு, பிறகுதான் முதன்மைக் கோப்புக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை கணினி எழும்போது துணைக் கோப்பைப் பார்த்து விட்ட வேலையை முடித்துக்கொள்ளும். இதையும் மீறிக் குலைந்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விண்டோஸ் 95 காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது அபூர்வம்.

இனி அந்த நிர்வாகிக்கு வருவோம். பயனர் பிரிவுக்குள் ‘பாலிசீஸ்’ என்று ஒரு கிளை இருக்கிறது. அலுவலகங்களுக்காக ஏற்பட்டது. நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள இடத்தில் ஊழியர்கள் இதைத் தொடக் கூடாது, அதை மாற்றக் கூடாது என்று கணினிப் பிரிவு சில தடைகள் போட வேண்டியிருக்கும். ‘டிசேபிள் டாஸ்க் மேனேஜர்’ என்ற பொருளில் அங்கே ஒரு பெயரை எழுதி, மதிப்பாக 1 என்று போட்டால் போதும். டாஸ்க் மேனேஜர் எழுந்ததும் முதலில் அங்கே எட்டிப் பார்க்கிறது. 1 இருந்தால் நிர்வாகி பெயரைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறது. அந்த 1-ஐ எழுதியது யார் என்று அது கேட்பதில்லை. வைரஸ் செய்தது அவ்வளவுதான். ஆன்டிவைரஸ் வைரஸின் கோப்பைத் தேடி அழித்தது. வைரஸ் எழுதிய 1 அப்படியே இருந்தது.

ரெஜெடிட்டைத் திறந்து அதை 0 ஆக்கலாமே என்றால், ரெஜெடிட்டையும் அதே மாதிரி ஒரு 1 போட்டு முடக்கியிருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடை இருப்பது பதிவகத்தில் அல்ல, ரெஜெடிட் என்ற நிரலின் நடத்தையில். அது மரியாதைக்கு விலகி நிற்கிறது, அவ்வளவே. வேறொரு சின்ன ஸ்கிரிப்ட் வழியாகப் போனால் பதிவகம் தாராளமாக இடம் கொடுக்கும். கணினி பழுதுபார்க்கும் பையன்கள் சிடியில் வைத்திருந்த ‘ஃபிக்ஸ்’ எல்லாம் பெரும்பாலும் இந்த நாலு வரி ஸ்கிரிப்ட்தான்.

இதே கருவியை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாம். யூஎஸ்பி சேமிப்புச் சாதனங்களுக்கான இயக்கியின் பதிவு ‘யூஎஸ்பிஸ்டோர்’ என்ற கீயில் இருக்கிறது. அதில் ‘ஸ்டார்ட்’ என்பதன் மதிப்பு சாதாரணமாக 3, அதாவது தேவைப்படும்போது ஏற்று. அதை 4 ஆக்கினால், ஏற்றாதே. செருகிய பென் டிரைவ் கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும். பாதுகாப்பு முக்கியமான அலுவலகங்களில் பென் டிரைவை முடக்க இந்த ஓர் எண்ணை மாற்றுவதும் உண்டு.

எண் ஒன்றில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு ஸ்டக்ஸ்நெட்டை விடப் பெரிய சாட்சி இல்லை. ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டு ஆலையைக் குறிவைத்து, பென் டிரைவ் வழியாகப் பரவி, 2010 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்த நிரல் அது. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சைமான்டெக்கின் கணக்கின்படி அது தொற்றிய கணினிகளில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த இடம் இந்தியாவுக்கு. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தன்னுடைய மறைகுறியிட்ட அமைவுகளில் ஒரு பகுதியை ஸ்டக்ஸ்நெட், ஒரு சாதன இயக்கியின் பெயரில் பதிவகத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. தொற்றுவதற்கு முன் பதிவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தையும் பார்த்தது. அங்கே 19790509 என்ற எண் இருந்தால், தொடாமல் விலகிப் போயிற்று. எழுதியவர்கள் தங்கள் சொந்தக் கணினிகளைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த அடையாளமாக இருக்கலாம் என்பது ஊகம். அந்த எண் ஒரு தேதியா என்பது பற்றிய ஊகங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

நம் ஊர்க் கதை 2019-ல். கூடங்குளம் உள்ளிட்ட அணுமின் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகமான நாபிகிய ஊர்ஜா பவன் அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்த ‘டிட்ராக்’ என்ற உளவு நிரலின் மாதிரி ஒன்று பொதுவெளியில் பேசுபொருளாயிற்று. மறுநாள் கூடங்குளத்திலிருந்து மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையோடு தொடர்பில்லாதவை, தாக்குதலுக்கு வழியே இல்லை. அதற்கும் அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, கழகத்தின் அறிக்கை. தீநிரல் இருந்தது உண்மைதான். செப்டம்பர் 4 அன்று, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் அதைக் கவனித்துத் தெரிவித்தது, தொற்றியது நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒருவரின் கணினி, முக்கியமான உள்வலை அதிலிருந்து தனித்து இருக்கிறது, ஆலை பாதிக்கப்படவில்லை. இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்றாலும், முதல் நாளே இரண்டாவது அறிக்கையைத் தந்திருந்தால் திருநெல்வேலிப் பக்கம் அவ்வளவு பதற்றம் இருந்திருக்காது.

டிட்ராக் என்ன செய்தது? விசைப்பலகையில் தட்டுவதைக் குறித்துக்கொள்வது, உலாவியில் பார்த்த தளங்களின் பட்டியலை எடுப்பது, வட்டில் உள்ள கோப்புகளின் பெயர்களைத் திரட்டுவது ஆகியவை அதன் வேலைகள். கூடவே பதிவகத்திலிருந்து மூன்று மதிப்புகளைப் படித்தது: பதிவுசெய்த உரிமையாளர் பெயர், பதிவுசெய்த நிறுவனத்தின் பெயர், விண்டோஸ் நிறுவப்பட்ட தேதி. ரகசியமானவை அல்ல. விண்டோஸ் போடும்போது யாரோ ஒருவர் சலிப்போடு தட்டிவிட்டு மறந்த விவரங்கள். ஆனால் ஆயிரக்கணக்கான கணினிகளில் புகுந்துவிட்டு, எது வங்கி, எது கல்லூரி, எது அணுமின் நிலையம் என்று தரம் பிரிக்க நினைப்பவருக்கு இந்த மூன்றும் போதும்.

ஒரு நிரல் பதிவகத்தில் எதைப் படிக்கிறது என்று எப்படித் தெரியும்? இரண்டு வழிகள். நிரலை உடைத்து அதன் கட்டளைகளை வரிவரியாகப் படிப்பது ஒன்று. வெளித்தொடர்பு இல்லாத ஒரு சோதனைக் கணினியில் ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது மற்றது. பதிவகத்துக்குப் போகிற ஒவ்வொரு கேள்வியும் இயங்குதளத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வாசலில் காது வைத்தால் எல்லாம் கேட்கும். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் 1990-களிலேயே இதற்காக ‘ரெக்மான்’ என்ற கருவியை எழுதினார்கள். அதன் வழித்தோன்றலான ‘பிராசஸ் மானிட்டர்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, ஒன்றும் செய்யாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். யாரும் தொடாத கணினியிலும் பதிவகத்தைக் கேட்கும் வரிகள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நடந்து முடிந்ததைத் துப்பறியவும் பதிவகம் உதவுகிறது. ஒவ்வொரு கீயும் தான் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை வைத்திருக்கிறது. 1601 ஜனவரி 1-லிருந்து எத்தனை நூறு நானோ நொடிகள் என்ற கணக்கு அது. கணினியில் செருகிய பென் டிரைவ்களின் தயாரிப்பாளர் பெயரும் பெரும்பாலும் தொடர் எண்ணும் பதிவாகியிருக்கும். பயனர் எந்த நிரலை எத்தனை தடவை திறந்தார், கடைசியாக எப்போது என்பதும் ‘யூசர் அசிஸ்ட்’ என்ற கீயில் இருக்கிறது. ஆனால் நிரல்களின் பெயர்கள் புரியாத எழுத்துகளாகத் தெரியும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கடிதத்தில் செய்கிற வேலை. மைக்ரோசாஃப்ட் ஏன் இதைச் செய்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அழித்த பதிவும் உடனே அழிவதில்லை. பதிவகக் கோப்பு துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் அதன் நீளம் எழுதியிருக்கும்: துண்டு பயன்பாட்டில் இருந்தால் கழித்தல் குறியோடு, காலியாக இருந்தால் குறி இல்லாமல். ஒரு பதிவை அழிக்கும்போது முக்கியமாக நடப்பது, அந்தக் கழித்தல் குறி போவதுதான். உள்ளே எழுதியிருந்தது, வேறு பதிவு அந்த இடத்துக்கு வரும்வரை அப்படியே கிடக்கும். விசாரணை நிபுணர்கள் குறி இல்லாத துண்டுகளையும் புரட்டிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு தலைவலி எதற்கு, சீட்டு முறையே மேல் என்று லினக்ஸ்காரர்கள் சொல்வார்கள். சில இடங்களில் அது சரிதான். அணுசக்தி நகரை ஒட்டிய டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991 முதல் அனுபம் என்ற வரிசையில் மீக்கணினிகளைக் கட்டி வருகிறது. பிற்கால அனுபம்கள் சாதாரணக் கணினிகள் பலவற்றை வலையால் பிணைத்து லினக்ஸில் ஓட்டப்பட்டவை. அப்படிப்பட்ட கட்டமைப்பில் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கும் அமைவு ஒன்றாக இருக்க வேண்டும். உரைக் கோப்பு என்றால் ஒன்றைத் திருத்தி மற்றவற்றுக்கு நகலெடுத்தால் தீர்ந்தது. நேற்றைய கோப்புக்கும் இன்றையதற்கும் என்ன வேறுபாடு என்று வரிக்கு வரி ஒப்பிட்டும் பார்க்கலாம். ஆனால் வீட்டு மேசைக்கான லினக்ஸில், நோம் என்ற திரைச்சூழல் 2011 முதல் ‘டிகான்ஃப்’ என்ற இரும வடிவப் பேரேட்டில்தான் அமைவுகளை வைக்கிறது. ஆப்பிள் கணினிகளில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிக் கோப்பு உண்டு, அதுவும் பெரும்பாலும் இரும வடிவத்தில். சீட்டுக் கடைகளும் மெல்ல மெல்ல பேரேடு வாங்கிக்கொண்டன.

மும்பை லாமிங்டன் ரோட்டில் பழைய கணினி வாங்கியவர்கள், விண்டோஸை மறுபடி போடாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் பட்டியலில் ‘வின்வர்’ என்று தட்டிப் பாருங்கள். வருகிற பெட்டியின் அடியில், இந்த மென்பொருளின் உரிமம் இன்னாருக்கு என்று ஒரு பெயர் இருக்கும். பல நேரம் அது பழைய அலுவலகத்தின் பெயர். டிட்ராக் படித்த அதே உரிமையாளர், நிறுவன மதிப்புகள்தான் அவை. ரெஜெடிட்டில் போய் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம். எழுதிய நேரம் அந்தக் கீயில் பதிவாகிவிடும். நிறுவிய தேதியை வேறு கணக்கில், 1970-லிருந்து எத்தனை நொடி என்று, அதே இடத்தில் காணலாம். விண்டோஸ் 10-இல் ஒவ்வொரு பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகும் அந்தத் தேதி புதிதாக மாறும். பழைய தேதிகள் போய்விடுவதில்லை. சிஸ்டம் பிரிவில் ‘செட்டப்’ என்ற கீயின் கீழே, ‘சோர்ஸ் ஓஎஸ்’ என்று தொடங்கும் பெயர்களில், மேம்படுத்தல் நடந்த நாளோடு ஒவ்வொன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.